புதுப்பட்டி செல்போன் கடை பாண்டி அண்ணன்

பாண்டி அண்ணன் போய்விட்டார்.

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் சிவகாசி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை...

எம். புதுப்பட்டி பஸ் ஸ்டாப் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை. எங்கள் ஊரில் அவர் கை படாத போன் இருக்காது.

என் மகள் மலர் ஒன்பதாவது படித்தபோது போனும் கையுமாகவே கிடந்தாள். நான் பட்டாசு கம்பெனியில் பேக்கிங் வேலை. கேட்டிலேயே எங்கள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். லீவு நாளில் பிள்ளை சாப்பிட்டாளா என்றுகூட வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்க முடியாது.

காலைச் சாப்பாடு கிடையாது. தூக்கம் கிடையாது. எந்நேரமும் ரீல்ஸ்... ஒரு நாள் ஸ்கூல் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். ரத்தம் ரொம்பக் குறைவு, பிள்ளை தூங்குவதே இல்லையா என்று டாக்டர் கேட்டார்.

அந்த வாரம் சார்ஜ் ஏறவில்லை என்று மலர் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். இதுதான் சமயம் என்று அண்ணன் கடைக்குப் போனேன். போர்டு போய்விட்டது, இனி சரியாகாது என்று அவளிடம் சொல்லிவிடச் சொன்னேன்.

"பொய் வேணாம் தங்கச்சி. நாளைக்குத் தெரிஞ்சா அந்தப் பிள்ள ஒன்னையும் நம்பாது, என்னையும் நம்பாது" என்றார்.

எனக்குச் சரியான கோபம். போனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மலர் போய்க் கேட்டதும், சரிசெய்து அவள் கையிலேயே கொடுத்திருக்கிறார். "போனு நல்லாத்தான் இருக்கு தாயி. ஒனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு ஒங்கம்மா பயந்துபோயி இருக்காக" என்று மட்டும் சொன்னாராம்.

கொஞ்ச நாள் கழித்து அவளாகவே சாயங்காலம் போனைக் கொண்டுபோய் அவர் கடையில் வைத்துவிட்டு வர ஆரம்பித்தாள். மறுநாள் ஸ்கூல் விட்டு வந்து வாங்கிக்கொள்வாள். சில நாள் இருக்க முடியாமல், போன சூட்டிலேயே திரும்பப் போய் அழுவாள். அண்ணன் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அப்புறம் மெல்ல மெல்ல இட்லி உள்ளே போனது. தூக்கமும் வந்தது. அவள் கூட்டாளிப் பிள்ளைகளும் அங்கேயே போனை வைக்கத் தொடங்கினார்கள்.

போன தீபாவளி சீசன் முடிந்து ஒரு நாள் கடைக்குப் போயிருந்தேன். அண்ணன் முகம் வாடியிருந்தது. மகன் சரவணனைப் பற்றிப் பேச்சு வந்தது. ப்ளஸ் ஒன் படிக்கிறான்.

"ஊர்ப் பிள்ளைக போனெல்லாம் ஏங்கிட்ட இருக்கு. எம் மகன் மட்டும் தர மாட்டேங்கான்" என்றார்.

இன்று மலரும் நானும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். சரவணன் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். மலர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அவளிடம் சொன்னான். "நேத்து அப்பா சாப்பிட வாடான்னு கூப்பிட்டாரு. இந்தா வாரேன்னு சொன்னேன்... போகல."

அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியாயிற்று. பையன் இன்னும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று அண்ணி அழுகிறார்கள்.

போயிட்டு வாங்க அண்ணே.