பையில்லாமல் ஒரு நாள்

எங்கள் குடும்பம் ஊர் சுற்றாத குடும்பம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அங்கிருந்த பெஞ்சுதான். கொடைக்கானலில் படகுத்துறைக்குப் பக்கத்துப் பெஞ்சு. சென்னையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினத்துக்கு எதிரே வெயில் அடிக்கும் சிமெண்ட் பெஞ்சு. பூரி கடற்கரையில் பெஞ்சு கிடையாது என்பதால் மணலில் உட்கார்ந்தேன். கணவரும் மகளும் அலையில் குதித்துக்கொண்டிருக்க, நான் செருப்புகளையும் துண்டுகளையும் காவல் காத்தேன். எங்கே போனாலும் என் மடியில் ஒரு கட்டைப்பை இருக்கும். திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைக்குக் கொடுத்த பை அது. புடவை நைந்துவிட்டது, பை நைவதாக இல்லை. அதற்குள் புளிசாதம், தண்ணீர், மாற்றுத் துணி, மாத்திரை, போதாததற்கு யாராவது கழற்றிய ஸ்வெட்டர். "அம்மா, இதப் பிடி" என்று சொல்லிவிட்டு ஓட ஒரு ஆள் வேண்டுமல்லவா, அந்த ஆள் நான்.

கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. வங்காளத்துக்கு மாற்றலாகி வந்து டாக்குரியாவில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குத் தமிழைவிட வங்காளி நன்றாக வரும். என்னோடு சண்டை போட மட்டும் தமிழ். போன குளிர்காலத்தில் அவள்தான் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவைப் பற்றிச் சொன்னாள். அவள் வகுப்பில் எல்லோரும் போய்விட்டு வந்தாயிற்றாம். நாங்கள் மூவரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கணவருக்கு ஒரு நாள் லீவு இருந்தது. போகலாம் என்று முடிவானதும் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

"இந்தத் தடவை நானும் ஏறுவேன்."

"ஏறேன், யாரு வேணாம்னா?" என்றார் கணவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதுதான் எனக்குக் கோபம். யாரும் எப்போதும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வேண்டாம் என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் சண்டை போட்டு எப்போதோ ஏறியிருப்பேன். யாருமே சொல்லாததை அந்தப் பை சொல்லி, என்னை உட்கார வைத்துவிட்டது. அதனால் இந்தப் பயணத்தைப் பையிலிருந்து ஆரம்பித்துத் திட்டமிடுவது என்று தீர்மானித்தேன்.

மத்தியானம் வேலை முடிந்ததும் போனில் அந்தப் பூங்காவின் வீடியோக்களைப் போட்டுப் பார்ப்பேன். யார் யாரோ எடுத்தவை. வாசல் எங்கே, சாப்பிடும் இடம் எங்கே, ரோலர் கோஸ்டருக்கு எந்த வழி என்று பார்த்துப் பார்த்து, போகாமலேயே அந்த இடம் மனப்பாடமாகிவிட்டது. பெஞ்சுகள் எங்கே இருக்கின்றன என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டேன், அந்தப் பக்கமே போகக் கூடாது என்பதற்காக. காலையில் கதவு திறந்ததும் நேரே ரோலர் கோஸ்டர், மற்றதெல்லாம் பிறகு. தண்ணீர் விளையாட்டு கிடையாது. நனைந்தால் துண்டு வேண்டும், மாற்றுத் துணி வேண்டும், ஈரத்துணிக்குத் தனிப்பை வேண்டும். மகள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டாள். மார்கழிக் குளிரில் நனைந்து பரீட்சை நேரத்தில் படுத்துக்கொள்ளப் போகிறாயா என்றேன். அடங்கினாள்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தபோது எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். கணவருக்குத்தான் முகம் வாடிவிட்டது.

"அப்ப புளிசாதம்?"

"கிடையாதுங்க."

"ரெண்டு பொட்டலம் கட்டி, ஸ்வெட்டருக்கு அடியில வச்சா யாருக்குத் தெரியும்?"

"அந்த ஸ்வெட்டர் எதுல இருக்கும்?"

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். அங்கே விற்கிற சவ்மின் நூடுல்ஸைச் சாப்பிட்டு யாரும் செத்ததில்லை என்று நானே முடித்துவைத்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் சில சாமான்கள் மிஞ்சின. அவற்றை லாக்கரில் வைப்பதாகத்தான் திட்டம். லாக்கர் இருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். சாவியை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். கிளம்புவதற்கு முதல் நாள், எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று பூங்காவுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் வேகமாக வங்காளியில் பேசினார். எனக்குப் புரிந்தது மூன்றே சொற்கள்: லாக்கர், கால், பந்தோ. லாக்கர் நாளைக்கு மூடியிருக்கும். ஒரு பூங்கா என்று நடத்துகிறவர்களுக்கு இது கூடவா தெரியாது என்று தமிழில் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "மா, கால்-னா நாளைக்கும் தான், நேத்தும் தான். கடைசில சிலோன்னாரா, தாக்பேன்னாரா?"

சிலோ என்றால் மூடியிருந்தது, தாக்பே என்றால் மூடியிருக்கும். வங்காளியும் நம்மைப் போலத்தான், வினையைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறது. அதுவரை பொறுத்துக் கேட்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மறுபடியும் மறுபடியும் போட்டோம், யாரும் எடுக்கவில்லை.

"சரி விடு," என்றார் கணவர் ஆறுதலாக. "லாக்கர் இருந்தா வைப்போம். இல்லேன்னா மாத்தி மாத்திப் பாத்துக்குவோம்."

மாற்றி மாற்றி என்பது என்னவென்று எனக்குத் தெரியும். முதல் முறை நான் பார்த்துக்கொள்வேன். இரண்டாம் முறை, "அம்மா, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று ஓடிவிடுவார்கள். அடுத்த முறைக்குள் இருட்டிவிடும். இந்த ஊரிலிருந்து எப்போது மாற்றல் வரும் என்று தெரியாது. மகள் அடுத்த வருடம் எந்த ஹாஸ்டலுக்குப் போவாள் என்றும் தெரியாது. இந்தத் தடவை விட்டால் நான் ஏறவே மாட்டேன் என்று பட்டது. அப்போதே சொல்லிவிட்டேன்: லாக்கர் திறந்தாலும் மூடினாலும் எனக்கு ஒன்றுதான், நாளைக்கு இந்த வீட்டிலிருந்து எந்தப் பையும் கிளம்பாது. சட்டைப்பையில் அடங்குவது வரும், அடங்காதது வீட்டில் இருக்கும்.

சொல்லி முடித்தபிறகுதான் தெரிந்தது, என்னிடம் சட்டைப்பையே இல்லை. கணவருக்குச் சட்டையில் ஒன்று, பேண்டில் மூன்று. மகளின் ஜீன்ஸில் எண்ணி மாளாது. என்னுடைய புடவை, சுடிதார் எதிலும் ஒன்றுகூடக் கிடையாது. பெண்கள் கையில் எப்படியும் பை இருக்கும் என்று தையல்காரர்களே முடிவு செய்துவிட்டார்கள் போல.

சாயங்காலம் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போனேன். நடைபாதைக் கடைகளில் குளிர்காலக் கூட்டம். பாக்கெட் வைத்த குர்தி என்று கடை கடையாகக் கேட்டேன். ஒருவர் கைக்குட்டையைக்கூட ஏற்காத ஒரு பாக்கெட்டைக் காட்டினார். இன்னொருவர் பாக்கெட் மாதிரி தைத்து வாயை மூடியிருந்ததைக் காட்டி, பார்க்க அழகாக இருக்கும் என்றார். கால் வலிக்க ஆரம்பித்தபோது என் வாயில் பழைய சொல் ஒன்று வந்துவிட்டது. நான் கல்லூரிக்குப் போன நாட்களில் திருச்சியில் சுடிதாரைப் பஞ்சாபி டிரஸ் என்போம். அந்த நினைப்பில், "பாக்கெட்வாலா பஞ்சாபி ஹை க்யா?" என்று இந்தியில் கேட்டேன்.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. மடித்து வைத்திருந்த ஒன்றை உதறி விரித்தார். கருநீலத்தில், முழங்கால்வரை நீண்ட ஆண்கள் ஜிப்பா. இந்த ஊரில் பஞ்சாபி என்றால் அதுதான். இத்தனை வருடம் இங்கே இருந்தும் உளறிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

"தாதாவுக்கா? என்ன சைஸ்?" என்று வங்காளியில் கேட்டார். தாதா என்றால் அண்ணன், என் கணவரைச் சொல்கிறார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், ஜிப்பாவின் பக்கவாட்டில் கையை விட்டேன். கை மணிக்கட்டையும் தாண்டிப் போயிற்று. இன்னொரு பக்கமும் அப்படியே. போன், கண்ணாடிக்கூடு, கைக்குட்டை, பணம் எல்லாம் போட்டாலும் இடம் மிச்சம் இருக்கும்.

"அமார் ஜொன்யே," என்றேன். எனக்குத்தான்.

அவர் கண்ணிமைக்காமல் அதைவிடச் சின்ன சைஸ் ஒன்றை எடுத்துப் போட்டார். வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

வீட்டில் அதைப் பார்த்ததும் கணவர், "எனக்கா? எதுக்கு இப்ப?" என்றார்.

"எனக்கு. நாளைக்கு இதான் போட்டுக்கப் போறேன்."

"ஜிப்பாவா?"

"ஜிப்பாதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்வெட்டரக் கழட்டினா எங்க வைக்கிறது?" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.

மறுநாள் காலை நாங்கள் படியிறங்கும்போது மேல்மாடி பௌதி வழிமறித்தார். பௌதி என்றால் அண்ணி. அக்கம்பக்கத்தில் அப்படிக் கூப்பிடுவதுதான் இங்கே வழக்கம். அவர் கையில் ஒரு பிளாஸ்கில் டீ, ஒரு டப்பா நிறைய மோவா என்கிற வெல்லப் பொரி உருண்டை, மூன்று குரங்குக் குல்லாய். குளிர்காலத்தில் வீட்டைவிட்டு இறங்கும் யாரையும் "டாண்டா லேகே ஜாபே" என்று பயமுறுத்தாமல் அவர் அனுப்பமாட்டார். குளிர் பிடித்துக்கொள்ளும் என்கிறார். நல்ல மனுஷி. ஆனால் அந்த அன்பை வாங்கிக்கொண்டால் அதற்கு ஒரு பை வேண்டும். நான் டப்பாவை அங்கேயே திறந்தேன். ஆளுக்கு இரண்டு மோவாவைப் படிக்கட்டிலேயே தின்ன வைத்தேன். டீயை நின்றபடியே குடித்தோம். குல்லாயைக் கணவர் தலையில் மாட்டிவிட்டு, மற்ற இரண்டையும் வீட்டுச் சாவியோடு பௌதியிடமே கொடுத்தேன். அவர் என் ஜிப்பாவை மேலும் கீழும் பார்த்து, "தாதாவோடதா?" என்றார். என்னுடையது என்றேன். திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும், எந்தக் கடை என்று கேட்டார்.

பூங்கா வாசலில் காவலர் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் தேடினார். பை எங்கே என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நேரே ரோலர் கோஸ்டரை நோக்கி நடந்தேன். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. லாக்கர் திறந்திருந்ததா என்று பார்க்கக்கூட இல்லை.

வரிசையில் நின்றபோது, தலைக்கு மேலே வண்டி பாய்ந்து போயிற்று. அதிலிருந்தவர்களின் அலறல் எங்கள்மேல் கொட்டியது. கணவர் குல்லாயைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். எங்கள் முறைக்குச் சற்று முன்பு மெதுவாகச் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் கீழ இருந்து பாத்துக்கறேன்."

"எதைங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

"பயமா இருக்கும்மா," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்டிராத வார்த்தை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் இரண்டு பேருமாகச் சேர்ந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம் என்று பட்டது. சொல்லவில்லை. அப்போதுதான் ஏற்றிவிடும் பையன் என் முகத்தைக் காட்டி, கண்ணாடியையும் போனையும் யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னான். அது என் திட்டத்தில் விட்டுப்போயிருந்தது. கணவர் இரண்டு கையையும் நீட்டினார். அவருக்கும் ஒரு வேலை கிடைத்த நிம்மதி.

"மேலேருந்து கை ஆட்டறேன், பாருங்க," என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். கீழே உட்கார்ந்து கை ஆட்டுகிறவர்களுக்கு மேலேயிருந்து யாரும் திருப்பி ஆட்டுவதில்லை. ஆட்டி ஆட்டி, பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று கையை மடக்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன்.

மடியின்மேல் கம்பி வந்து இறங்கியது. பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் அதையே பிடித்துக்கொண்டேன். வண்டி கடகடவென்று மேலேறியது. பக்கத்தில் மகள் என்னவோ சொன்னாள். உச்சியில் ஒரு கணம் நின்றது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு வானம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு விழுந்தோம். நான் கத்தினேன். எனக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே அதுவரை தெரியாது. திருப்பத்துக்குத் திருப்பம் கத்தினேன், பயத்தில் பாதி, மீதி எதில் என்று சொல்லத் தெரியவில்லை. முடிந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

இறங்கி வந்தோம். கணவர் ஓடி வந்தார். ஒரு கையில் என் போன், மறு கையில் கண்ணாடி.

"கை ஆட்டிக்கிட்டே இருந்தேன். பாத்தியா?"

கண்ணாடி இல்லையே, எப்படித் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார்.

"பாக்கலைங்க," என்றேன். "உங்க நெனப்பே வரலை."

அவரிடம் நான் இத்தனை சந்தோஷமாக எதையும் சொன்னதில்லை. அவர் கண்ணாடியைத் தன் சட்டைப்பையில் பத்திரமாகச் செருகிக்கொண்டு, வரிசையில் கூட்டம் சேர்வதற்குள் மறுபடி போய் நிற்கச் சொன்னார். நான் போய் நின்றேன்.