இரண்டு மடங்கும் ஐந்து மடங்கும் ஒரு மூக்கும்

அம்பிட்டிய மத்தியாஸுக்குக் கோபம் வந்தால் முதலில் கைதான் பேசும். வாய் பிறகு வந்து விளக்கம் சொல்லும். மாநகரசபை நீர்வழங்கல் பகுதியில் இருபத்தாறு வருடமாக எழுதுவினைஞர். அங்கே அவர் கையால் போனவை இரண்டு கதிரை, ஒரு மேசைக் கண்ணாடி. தன் கலியாணத்தன்றே மனைவி பெற்றீசியாவின் தம்பி றஜீவைப் போட்டு உதைத்தார். குடும்பப் படத்தில் மாப்பிள்ளைக்குத் தலை இல்லை; எடுத்தவன் றஜீவ்.

அந்த றஜீவ் இன்று கண்டி நகரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். மச்சான்மார் இருவரும் சேர்ந்து வாங்கியதுதான் மத்தியாஸ் வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் தொலைநோக்கி. பேராதனையில் ஒரு வானியல் சங்கம் தன் கலண்டர்ப் போட்டிக்கு வியாழன் கிரகத்தின் படம் கேட்டிருந்தது. அதன் செம்புள்ளி தெளிவாக விழ வேண்டும், ஞாயிறு கடைசி நாள். மூன்று வருடம் அனுப்பி மூன்று வருடமும் தோற்றவர் மத்தியாஸ்.

தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவே செருகும் உருப்பெருக்கி வில்லை ஒன்று வேண்டியிருந்தது. திகனவில் பஹ்மியின் கடையிலிருந்து றஜீவ் இரண்டு கொண்டுவந்தான்: ஒன்று இரண்டு மடங்கு, மற்றது ஐந்து மடங்கு.

வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்த கையோடு, ஐந்து மடங்கைச் செருகினான். மடிக்கணினித் திரையில் வியாழன் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி மிதந்தது.

“ரெண்டு மடங்கைப் போடுடா.”

“பெருசா இருந்தாத்தான் மச்சான் எடுபடும். செத்தவரோட அடையாள அட்டைப் படத்தையே ஆள் உயரத்துக்கு அடிச்சுச் சந்தியில தொங்கவிடுறவன் நான்.”

“அதனாலதான் உன் பதாகையில செத்தவர் ரெண்டாந்தரம் சாகிறாரு. பைப்புல வர்ற தண்ணி அவ்வளவுதான்டா. வாளியப் பெருசாக்கினா தண்ணி கூடுமா?”

“உங்க பைப்புல எப்பங்க தண்ணி வந்திச்சு?”

இருபத்தாறு வருடச் சேவையை ஒரு வாக்கியத்தில் கேவலப்படுத்தினால் எந்த எழுதுவினைஞன் பொறுப்பான்? முதல் குத்தில் றஜீவின் மூக்கு உடைந்தது. றஜீவ் தலையால் முட்டினான். மத்தியாஸின் மூக்குக் கண்ணாடி நொறுங்கி, வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. மத்தியாஸ் ஐந்து மடங்கைப் பிடுங்கி வீசினார். அது பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் வெடித்தது. வில்லைத் தெரிவு அத்தோடு முடிந்தது.

“ஐயோ, தொலைநோக்கி!” என்று கீழிருந்து பெற்றீசியா அலறினாள். புருஷனையும் தம்பியையும் அவள் விசாரிக்கவில்லை.

செம்புள்ளி வியாழனின் விளிம்பைத் தாண்டிச் சுழன்று மறைய அரை மணி நேரமே இருந்தது. மத்தியாஸுக்கோ திரையே தெரியவில்லை.

“குவியத்த நீ திருப்புடா,” என்றார்.

றஜீவ் மூக்கில் துணியை அடைத்துக்கொண்டு இரண்டு மடங்கைச் செருகினான். திருகினான். சட்டென்று நின்றான்.

“மச்சான்... பட்டி பட்டியாத் தெரியுது. புள்ளியும் இருக்கு.”

“ரத்தத்தைத் துடைச்சிட்டுச் சொல்லுடா!”

“துடைச்சிட்டேங்க. இருக்கு.”

ஞாயிறு காலை மத்தியாஸ் புதுக் கண்ணாடியோடு ஸ்டூடியோவுக்குப் போனார். கணினியில் வியாழன் திரை நிறைய வீங்கியிருந்தது. மேல் பாதியைக் காணோம்.

“கொஞ்சம் பெருசாக்கினேன் மச்சான்.”

மத்தியாஸ் கதிரையைத் தூக்கினார்.

“அனுப்பிட்டியா?”

“இன்னும் இல்லங்க.”

கதிரையை இறக்கி அதிலேயே உட்கார்ந்தார். தேடியெடுத்து, வெட்டாத படத்தைத் தன் கையாலேயே அனுப்பினார். போய்ச் சேர்ந்ததாகப் பதில் வரும்வரை பொறுமையாக இருந்தார்.

பிறகு எழுந்து, கதிரையை மறுபடி தூக்கினார்.