தக்கலையில் கேட்ட கப்பிச் சத்தம்

"இந்தா எத்திட்டேன் அக்கா", இதோ வந்துவிட்டேன் என்று மெக்கானிக் சொன்ன வார்த்தையை நம்பி நான்கு நாள் வீட்டிலேயே கிடந்தேன். கிணற்று மோட்டார் பழுது. அவன் வரும் நேரம் பார்த்து நான் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். கேட்டைத் திறந்தே வைத்தேன். குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டுபோனேன். ஆள் வந்தால்தானே!

ஐந்தாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் சபைப் பெண்களின் ஜெபக்கூட்டம். நாற்பது பேர் வருவார்கள். தண்ணீரைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிவிடலாம், அது பெரிய காரியமில்லை. வளைகுடாவிலிருந்து கணவர் மதியம்தோறும் அழைத்துக் கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏட்டி, வந்தானா? உனக்க சொல்லுக்கு ஒருத்தனும் வரமாட்டான். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வரலைன்னா அண்ணன்ட்ட சொல்லுகேன். அண்ணன் பாத்துக்கிடுவாரு."

அண்ணனாம், அண்ணன்! பதினோரு வருஷமாக இந்த வீட்டில் ஒழுகிய ஓடு, உடைந்த குழாய் எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்து, பக்கத்தில் நின்று வேலை வாங்கியவள் நான். அவருடைய அண்ணன் ஒரு தடவை உள்ளே வந்து மோட்டாரைச் சரிசெய்துவிட்டால் போதும், அவளால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று குடும்பம் முழுக்க முடிவு கட்டிவிடும். அடுத்து வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கட்டும் என்பார்கள். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மறுபடி மெக்கானிக்கை அழைத்தேன்.

"அக்கா, நான் தக்கலையிலயாக்கும் நிக்கேன். அரை மணிக்கூர்ல எத்திருவேன்."

அவன் பேச்சுக்குப் பின்னால் கிரீச் கிரீச் என்று கிணற்றுக் கப்பி சுழலும் சத்தம். ஒரு கோழி வேறு கொக்கரித்தது. தக்கலை ஜங்ஷனில் ஏது கிணறு? போனை வைத்தேன், ஸ்கூட்டரை எடுத்தேன். திருவட்டாறு தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே அவன் வீடு.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, இதுதான் தக்கலையா?"

எழுந்த வேகத்தில் நாற்காலி சரிந்தது. "இல்ல அக்கா... இந்தா, கிளம்பிட்டேதான் இருக்கேன்."

கிணற்றடியில் அவன் மனைவி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அவள் காலடியில் துருப்பிடித்து ஒரு மோட்டார்.

"நீங்க எத்தன நாளா காத்திருக்கிய அக்கா?" என்றாள்.

"அஞ்சு நாளு."

"எனக்கு எட்டு மாசமாச்சு. இந்தா பாக்கேன், இந்தா பாக்கேன்னு சொல்லுகாரு."

அவள் சிரிக்கவில்லை. உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போயிருந்தன. அவனோ அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டான். என் வேலைக்குத்தான் புறப்படுகிறான், ஆனால் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"இறங்குலே. முதல்ல இது. முடியுற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். அவள் எனக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்தாள். மோட்டாரை ஓடவைக்கும் கண்டன்சர் போயிருந்தது, அவ்வளவுதான். புதுசு ஒன்று அவன் பையிலேயே கிடந்தது. இருபது நிமிஷ வேலை. குழாயில் தண்ணீர் வந்ததும் அவள் கயிற்றைச் சுருட்டிக் கிணற்றுக்கம்பியில் மாட்டினாள். பிறகு புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். நல்லவேளை, அந்தப் பார்வை என்மேல் விழவில்லை. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு என் ஸ்கூட்டருக்குப் பின்னால் வந்தான்.

மதியம் கணவர் அழைத்தார். "வந்தானா? அண்ணனைக் கூப்பிடட்டா?"

நான் மாடிக்கு ஏறி, டேங்க் மூடியைத் திறந்து, போனை உள்ளே நீட்டினேன். தண்ணீர் விழும் சத்தத்தை அவர் ஆசைதீரக் கேட்கட்டும்.

"அப்போ வந்துட்டானா?" என்றார்.

"வரல. நான் போய்க் கூட்டிட்டு வந்தேன். உங்க அண்ணன் வீட்டுல ஏதாவது பழுதுன்னா என்னட்ட சொல்லச் சொல்லுங்க."