ரொபிக்கு வந்த வலிப்பும் என் கணவர் விட்ட குளிசையும்

என் கணவர் சேவியருக்கு வலிப்பு வருத்தம் இருக்கிறது. சண்டைக் காலத்தில் தலையில் பட்ட ஷெல் துண்டு ஒன்று இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். இந்தச் செபக்குழுவில் இதை நான் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. அவர் சொல்ல விட்டதில்லை. இன்று அவரே, "போய்ச் சொல்லு றெஜினா" என்று அனுப்பியிருக்கிறார்.

எங்கள் வீடு முல்லைத்தீவில், களப்புக் கரையில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசையைக் குடித்த காலத்தில் வலிப்பு அடங்கியிருந்தது. ஆனால் நித்திரை வருகிறது, கை சோர்கிறது, வலை இழுக்க முடியவில்லை என்று சொல்லி அவர் குளிசையை விட்டுவிட்டார். வலிப்பு திரும்பவும் வந்தது. நான் கெஞ்சினேன், கத்தினேன், கதையாமலும் இருந்து பார்த்தேன்.

"கொஞ்சம் தலை சுத்தும், விழுவன், எழும்புவன். நீதான் பெரிசாக் கதைக்கிறாய்" என்பார்.

வருத்தம் தெரிந்தால் யாரும் படகில் ஏற்றமாட்டார்கள். அதனால் விடியப்புறம் தனியாகக் களப்பில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுவார். வலிப்பு வந்து விழுகிறவருக்கு இடுப்பளவு தண்ணீர் போதாதா? அவர் திரும்பி வரும்வரை எனக்குத் தேத்தண்ணி கூட இறங்காது.

ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியார் கோயிலுக்குப் போய் அழுதேன். வருத்தத்தை எடுத்துவிடும், இல்லாவிட்டால் குளிசையைக் குடிக்க வையும் என்று கேட்டேன். வருடங்கள் போயின. போன வருடத் தவக்காலத்தில் எனக்கு வெறுத்துவிட்டது. ஊராரின் தொலைந்த ஆட்டையும் மோதிரத்தையும் தேடிக் கொடுக்கிறீர், என் குரல் மட்டும் உமக்குக் கேட்காதா என்று கோயிலுக்குள்ளேயே சண்டை பிடித்தேன். அடுத்த செவ்வாய் மெழுகுதிரி கொளுத்தவில்லை.

அந்த நாட்களில்தான் ரொபி விழுந்தது. ரொபி எங்கள் மகள் வளர்த்த சின்னச் சடை நாய். ஒரு கையில் தூக்கலாம். மகள் சோறு வைத்தாலும் அது படுப்பது என்னவோ இவருடைய காலடியில்தான். ஒரு பின்னேரம் முற்றத்தில் நின்றது, சுவரை வெறித்துப் பார்த்துவிட்டுச் சரிந்து விழுந்தது. கால்கள் நீந்துவது போல அடித்தன. வாயில் நுரை. பக்கத்து வீட்டு அண்ணர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "இது வெறி பிடிச்ச விசர் போல கிடக்கு. பிள்ளை இருக்கிற வீடு, அடிச்சுப் போடுங்கோ" என்றார். மகள் குழறி அழுதாள்.

என் கணவர் வந்ததும் சொன்னோம். "சின்ன நாயெல்லே, எதுக்கோ பயந்து நடுங்கியிருக்கும். நீங்கள் பெரிசாக்காதேங்கோ" என்றார். தன் வருத்தத்துக்குச் சொல்லும் அதே கதையை நாய்க்கும் சொன்னார்.

இரண்டாவது தடவை வந்தபோது அவர் வீட்டில் இருந்தார். நான் குசினியில் நின்றேன். "றெஜினா!" என்று ஒரு சத்தம். ஓடி வந்தால், ரொபி நிலத்தில் கிடந்து துடிக்கிறது. இவர் கதவுப் பூட்டின் திறப்பை எடுத்து அதன் முன்னங்கால்களுக்கிடையில் திணித்துக்கொண்டிருக்கிறார். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று நம் ஆட்கள் செய்வதுதான். அவருக்கு வரும்போது நானும் அந்தத் திறப்பைத்தான் கையில் வைப்பேன்.

ரொபி ஓய்ந்தது. எங்களை அடையாளம் தெரியாமல் எழுந்து சுவரில் முட்டி முட்டி நடந்தது. அவர் கையில் திறப்போடு அப்படியே இருந்தார்.

"ஒவ்வொருக்காலும் எழும்பேக்க என்ர கையில இது கிடக்கும்" என்றார். "நானும் இப்பிடித்தானோ?"

"ஓம்."

"நுரை தள்ளி, இப்பிடி அடிச்சுக்கொண்டோ?"

"ஓமப்பா."

"மகள் பாத்திருக்கிறாளோ?"

"சின்னனில இருந்து பாக்கிறாள்."

அவர் அழுதார். நாங்கள் பார்த்த எதையும் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு அது அன்றுதான் விளங்கியது.

அடுத்த நாள் ரொபியைத் துவாயால் சுற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவா இளம் பிள்ளை, பொறுமையாக விளங்கப்படுத்தினா.

"இது விசர் இல்லை. சின்ன நாயள் குளிருக்கும் பயத்துக்கும் பசிக்கும் நடுங்கும். ஆனா அப்ப கூப்பிட்டால் திரும்பிப் பாக்கும். வலிப்பு வரேக்க நீங்கள் ஆரெண்டே அதுக்குத் தெரியாது. முடிஞ்ச பிறகும் என்ன நடந்ததெண்டு தெரியாது. திறப்பு ஒண்டும் வைக்காதேங்கோ, வாய்க்குள்ள கையும் விடாதேங்கோ. இந்தக் குளிசையை ஒருநாளும் விடாமல் குடுக்கவேணும். மனிசருக்கும் இதைக் குடுக்கிறது, ஆனா அளவு வேற."

"இடையில நிப்பாட்டினால்?" என்று இவர் கேட்டார்.

"முந்தினதை விட மோசமா வரும், ஐயா."

அவர் தலை குனிந்துகொண்டார். நான் மனதுக்குள் "அந்தோனியாரே!" என்றேன்.

அதே கிழமை, நான் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போனார். சோர்வைப் பற்றியும் சொல்லி மருந்தை மாற்றி வாங்கி வந்தார். தனியே களப்பில் இறங்குவதை விட்டார். தம்பியிடம் வருத்தத்தைச் சொன்னார். இப்போது அவனோடுதான் தொழிலுக்குப் போகிறார். காலையில் ரொபிக்கும் அவருக்கும் ஒன்றாகத்தான் குளிசை. ரொபியின் குளிசையை வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுப்பார். தனக்கும் அப்படி ஒருவர் ஒளித்துத் தரவேண்டும் என்று பகிடி விடுவார்.

ரொபிக்காகவும் மன்றாடினேன். குளிசையால் அதற்கு வலிப்புக் குறைந்தது, முழுதாய் நிற்கவில்லை. கார்த்திகை மழையில் ஒருநாள் பாதையெல்லாம் வெள்ளம். அன்று ஒரு வலிப்பு முடிய முன் அடுத்தது வந்தது. தண்ணீருக்குள் எந்த வாகனமும் வரவில்லை. இவர் மடியில் வைத்து, "ரொபி, ரொபி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மடியிலேயே உயிர் போனது. ஏன் ஆண்டவரே என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

என் பயம் வேறொன்று. நாய் போய்விட்டது, இனி இவரும் குளிசையை விட்டுவிடுவாரோ? விடியக் குசினி வாசலில் நின்று பார்த்தேன். பழக்கத்தில் இரண்டு குளிசையையும் உள்ளங்கையில் எடுத்துவிட்டார். தோள் குலுங்கியது. பிறகு ரொபியுடையதை மேசையில் வைத்துவிட்டுத் தன்னுடையதை விழுங்கினார். அன்றிலிருந்து ஒருநாளும் விடவில்லை.

வருத்தம் போய்விட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். அந்தத் துண்டு இன்னும் தலைக்குள் இருக்கிறது. ஆனால் என் மனிதர் உயிரோடு வீட்டில் இருக்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் வருத்தத்தை ஒளித்து வைக்காதீர்கள். மருந்தையும் செபத்தையும் விடாதீர்கள். கோபம் வந்தால் என்னைப் போலச் சண்டை பிடியுங்கள், அந்தோனியார் கோபிக்கமாட்டார். எனக்கு இரங்கியவர் உங்களுக்கும் இரங்குவார். செவ்வாய்க்கிழமைகளில் இப்போது இவரும் என்னோடு கோயிலுக்கு வருகிறார். நன்றிக்கு ஒரு மெழுகுதிரி, ரொபிக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறோம். நாய்க்கும் மெழுகுதிரியா என்று யாரும் குறை நினைக்காதீர்கள்.