பீப்பி அக்காவும் கத்துகிற வாசலும்

அந்த மூன்று மாடித் துணிக்கடையில் வேலை பார்ப்பவர்கள் அவளைப் பீப்பி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்தது குழந்தைகள் உடைப் பிரிவில் நிற்கும் ஒரு பெண். வாசலில் இருக்கிற இரண்டு கம்பங்களும் 'பீப் பீப்' என்று கத்தும்போதெல்லாம் ஓடி வருவது அவள்தானே, அதனால் அந்தப் பேர். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "கத்துறது அது, பேர் எனக்கா?" என்று சிரித்ததோடு சரி.

அதற்கு முன்னால் அவள் மாடியில், வாங்கின கால்சட்டைகளின் நீளத்தைக் குறைத்துத் தைத்துக் கொடுக்கும் பிரிவில் இருந்தாள். கழுத்து எலும்பு தேய்ந்துபோய், குனிந்து தைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்துத்தான் கடை வாசலில் கம்பங்கள் வந்து இறங்கின. இடுப்புக்கு மேலே உயரம், சாம்பல் நிறம், பார்க்க ஏதோ கதவில்லாத கதவு நிலை மாதிரி. அங்கே நிற்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. வாடிக்கையாளரோடு மல்லுக்கட்ட யாருக்கு ஆசை? மேனேஜர் சுற்றிமுற்றிப் பார்த்தார். கழுத்தை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டிய ஆள் ஒருத்திதான் இருந்தாள்.

பொருத்த வந்த மெக்கானிக்கிடம் அக்கா முதல் நாளே கேட்டாள்: "இது எப்படித் தம்பி திருடனைக் கண்டுபிடிக்கும்?"

"அது திருடனை எங்கே கண்டுபிடிக்குது? இந்தக் கம்பம் 'யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா'ன்னு ஓயாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். துணியில மாட்டியிருக்கிற டேக் பக்கத்துல வந்தா 'இருக்கேன்'னு பதில் சொல்லும். உடனே கத்தும். அவ்வளவுதான்."

"அப்ப இதுக்கு டேக்கைத்தான் தெரியும். ஆளைத் தெரியாது."

"ஆளைப் பார்க்கத்தானேக்கா நீங்க."

அந்தப் பதில் அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

முதல் வாரம் வாசல் கத்தின கத்தலில் காது புளித்துவிட்டது. பில் போடுகிறவர்கள் காந்தக் கட்டையில் வைத்து டேக்கைக் கழற்ற மறந்தால் கத்தியது. தள்ளுபடித் துணி தொங்குகிற ஸ்டாண்டை யாரோ கம்பத்துக்குப் பக்கத்தில் தள்ளிவைத்துவிட்டதால், சும்மா போகிறவர்களைப் பார்த்தும் கத்தியது. வேறொரு கடையில் வாங்கின செருப்பின் அடியில் ஒட்டியிருந்த டேக் சில்லைப் பார்த்து, உள்ளே நுழைகிற ஒரு பெரியவரிடமும் கத்தியது. "இன்னும் நான் எதையும் எடுக்கவே இல்லையேம்மா!" என்று அவர் இரண்டு கையையும் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அக்கா கவனித்தது அந்த முகங்களைத்தான். குற்றமே செய்யாத ஆளும் அந்தச் சத்தம் கேட்ட நொடியில் குற்றவாளி முகத்தை மாட்டிக்கொள்கிறான். பில்லைத் தேடிப் பையைக் குடைகிறான், கூட வந்த பெண்டாட்டி பிள்ளைகள் ஒரு அடி தள்ளி நிற்கிறார்கள். கடையில் இருக்கிறவர்கள் எல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். காவலுக்கு நின்ற ஆள் ஒருநாள் ஓர் அம்மாவின் பையைப் பிடித்து இழுத்ததில் பையின் கைப்பிடி அறுந்து, உள்ளே இருந்த மாத்திரை அட்டைகளும் பழைய சீப்பும் தரையில் கொட்டின. அந்த அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினார். அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றாள். "சார், அந்தத் தூணுக்குப் பின்னால ஒரு திரை வேணும். ஒரு நாற்காலியும் வேணும்."

"எதுக்கு? பத்துப் பேர் பார்க்கப் பிடிச்சாத்தான் பதினோராவது ஆளுக்குப் பயம் வரும்."

"பயந்தவங்க வேற கடைக்குப் போயிடுவாங்க சார். துணி வாங்கத்தானே வர்றாங்க, கோர்ட்டுக்கா வர்றாங்க?"

மேனேஜர் இளவயசுக்காரர், கறார்ப் பேர்வழி. ஆனால் காது கேட்கிற மனுஷன். திரை வந்தது. நாற்காலியும் வந்தது.

அன்றிலிருந்து அக்கா ஒரு முறை வைத்துக்கொண்டாள். வாசல் கத்தினால் ஓட மாட்டாள், நடப்பாள். பக்கத்தில் போய், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "மன்னிச்சுக்கோங்க, எங்க தப்பு. டேக் எடுக்க மறந்திருப்பாங்க. ஒரு நிமிஷம் இப்படி வாங்க" என்பாள். பையை அவள் தொடுவதே இல்லை. அவர்களே தூக்கிக்கொண்டு வருவார்கள். திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "பில் போட விட்டுப்போனது ஏதாவது இருக்காங்க?" இல்லை என்றால் ஒவ்வொரு துணியாகப் பார்த்து டேக்கைக் கழற்றி அனுப்புவாள். இருக்கிறது என்றால், "பரவாயில்லை, போட்டுடலாம்" என்பாள். அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்ன யாரையும் அவள் காட்டிக்கொடுத்ததில்லை. மேனேஜரும் அதற்குச் சம்மதித்திருந்தார்.

அதற்காக அவளை ஏமாந்த சோணகிரி என்று நினைத்துவிட வேண்டாம். தொழிலாகவே திருட வந்த இரண்டு பேர் ஒருதடவை பைக்குள் வெள்ளிக் காகிதம் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் டேக் இருந்தால் கம்பத்தின் கூப்பாடு அதற்குக் கேட்காது. வாசல் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஆள் நடக்கும்போது துணிப்பை சரசரவென்று சத்தம் போடுமா? அக்கா அவர்களையும் மரியாதையாகத்தான் அழைத்தாள், அதே கேள்வியைத்தான் கேட்டாள். அவர்கள் எகிறினார்கள். போலீஸ் வந்து கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு போனது. போகும்போதும் அக்கா, "தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவள் நாத்தனாருடைய விஷயம் நடந்தது.

நாத்தனார் என்றால் அக்கா புருஷனின் ஒரே தங்கை. அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். நாத்தனாருக்குக் கொஞ்சம் நாக்கு நீளம். "எங்க அண்ணி பெரிய உத்தியோகம் பார்க்கிறாங்க, கடைவாசல்ல வாட்ச்மேன்!" என்று விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். அக்கா கேட்டும் கேளாத மாதிரி இருந்துவிடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நாத்தனார் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு மத்தியானம், வரப்போகிற மருமகளையும் சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு அவள் அந்தக் கடைக்கே துணி எடுக்க வந்தாள். வாசலில் நின்ற அண்ணியைச் சம்பந்தியம்மாவுக்கு அவள் அறிமுகம் செய்யவில்லை. பார்வையை மேலே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்காவும் மற்றவர்களுக்குச் சொல்கிற மாதிரியே "வாங்க" என்றாள்.

இரண்டு மணி நேரம் கழித்து மூன்று பேரும் கை நிறையப் பைகளோடு இறங்கி வந்தார்கள். சம்பந்தியம்மா தாண்டினார். மருமகள் தாண்டினாள். நாத்தனார் காலை வைத்தாள், வாசல் கத்தியது.

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். பில் கவுண்டரில் இருந்தவர்களுக்கெல்லாம் இந்த உறவு தெரியும், அண்ணி படுகிற பாடும் தெரியும். எல்லாரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா மனுஷிதான். இத்தனை வருஷத்துப் பேச்சும் அந்த ஒரு நொடியில் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வார்த்தை சத்தமாகக் கேட்டிருந்தால் போதும். ஆனால் கால் பழகின பாதையில்தான் நடந்தது.

"மன்னிச்சுக்கோங்க, எங்க தப்பு. டேக் எடுக்க மறந்திருப்பாங்க" என்றாள். சம்பந்தியம்மாவிடம், "நீங்க உட்காருங்கம்மா, ஒரே நிமிஷம்" என்று ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு, நாத்தனாரை அழைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள்.

தண்ணீரை நீட்டினாள். நாத்தனார் வாங்கவில்லை.

"பில் போட விட்டுப்போனது ஏதாவது இருக்காங்க?"

நாத்தனாரிடம் அவள் 'ங்க' போட்டுப் பேசியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். கேலியாக இல்லை. அந்தக் கேள்வி அவளுக்கு அப்படித்தான் வாயில் வரும்.

நாத்தனார் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு மெதுவாகத் திறந்தாள். கைக்குட்டைக்கு அடியில், நாலாக மடித்த ஒரு பட்டுச் சால்வை. ஓரத்தில் டேக் வெள்ளையாகத் தொங்கியது.

"அண்ணி..." என்றாள்.

"பரவாயில்லை. போட்டுடலாம்."

அக்காவே பில் போடுகிற பெண்ணைத் திரைக்குள் கூப்பிட்டாள். நாத்தனார் பணம் கொடுத்தாள். டேக் கழன்றது. வெளியே வந்ததும் அக்கா சம்பந்தியம்மாவிடம், "காக்க வெச்சுட்டோம், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலும் இப்படித்தாம்மா, சும்மா சும்மா கத்தும்" என்றார். மூன்று பேரும் போனார்கள். இந்தத் தடவை வாசல் சும்மா இருந்தது.

அவர்கள் தலை மறைந்ததும் அக்கா நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். "சார், இப்ப போனது என் நாத்தனார். பில் போட விட்டுப்போன சால்வை ஒண்ணு இருந்துச்சு. கேட்டேன், எடுத்துக் கொடுத்தாங்க, பில் போட்டாச்சு."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"சொந்தக்காரங்கங்கிறதாலதான் சார் சொல்றேன்."

"வேற யாரா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"இதையேதான். கேட்டு, பில் போட்டு அனுப்பியிருப்பேன்."

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "டீ குடிச்சீங்களா? போய்க் குடிங்க. வாசலை நான் பார்த்துக்கிறேன்" என்று எழுந்து, நிஜமாகவே வாசலில் போய் நின்றார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, நாத்தனாருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அண்ணி எங்கே முந்திக்கொண்டு வீட்டில் சொல்லிவிடுவாளோ என்ற பயம். தானே முந்திக்கொண்டாள். 'சம்பந்தி முன்னால் அண்ணி என்னை வேணும்னே நிறுத்தி அசிங்கப்படுத்திட்டாங்க' என்று புருஷனிடம் அழுதிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் நாத்தனார் புருஷன் ஆரம்பித்தார். "ஏம்மா, உனக்கும் அவளுக்கும் ஆயிரம் இருக்கட்டும். சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாலயா காட்டணும்? ஒரு மனுஷியைத் திரைக்குப் பின்னால கூட்டிட்டுப் போய் விசாரிப்பாங்களா?"

அக்காவின் புருஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் ஓட்டுகிற மனுஷன், எதையும் தமாஷாகவே எடுத்துக்கொள்வார். அன்றைக்குத் தமாஷ் வரவில்லை. "என்னது? என்கிட்ட நீ சொல்லவே இல்லையே?" என்று பெண்டாட்டியைப் பார்த்தார்.

நாத்தனார் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி அப்படியே நின்றது. ஒரே ஒரு வாக்கியம் போதும், எல்லார் வாயும் அடைத்துவிடும். அக்காவுக்குத் தெரியும். நாத்தனாருக்கும் தெரியும்.

"மெஷின் கத்திடுச்சு அண்ணா" என்றாள் அக்கா. "எங்க பக்கத்துத் தப்பு. சம்பந்தியம்மா இருக்கும்போது கொஞ்சம் பக்குவமா நடந்திருக்கணும். மன்னிச்சுக்கோங்க."

நாத்தனார் கரண்டியோடு உள்ளே போனாள். கொஞ்சநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் புருஷன் விடவில்லை. "நீ தப்பே பண்ணாம மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. என்ன நடந்துச்சு? சொல்லு."

"அதான் சொன்னேனே."

"என்கிட்ட கூடவா?"

"கடையில உட்கார்ந்து போனவங்க விஷயத்தை என்னைக்காவது வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கேனா? உங்க பஸ்ல யார் யாரோட போனாங்கன்னு நீங்க என்கிட்ட சொல்றீங்களா?"

தெரு முனை வந்ததும், "சரி. ஆனா இவ்வளவு நிமிர்ந்து நிக்கிற உன் எலும்பையா டாக்டர் தேஞ்சுபோச்சுன்னு சொன்னாருன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார்.

இரண்டு மாசம் நாத்தனார் அண்ணி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு காலை, அக்காவுக்கு வாரவிடுமுறை, மாடியில் துவைத்துப் போட்டதை எடுத்துக்கொண்டிருந்தாள். படியில் செருப்புச் சத்தம். நாத்தனார் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. முகம் பாதியாக இளைத்திருந்தது.

"அண்ணி, அன்னிக்கு நான் எப்படி..."

"இந்த முனையைப் பிடி" என்றாள் அக்கா.

கையில் இருந்தது பெரிய போர்வை, ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. நாத்தனார் பிடித்தாள். இரண்டு பேரும் உதறினார்கள். ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். நாத்தனாரின் கண்ணில் இருந்து சொட்டியது போர்வையில் விழுந்தது.

"ஏன் அண்ணி யார்கிட்டயும் சொல்லலை?"

"சொல்ல என்ன இருக்கு? கேட்டேன், எடுத்துக் கொடுத்தே. அதுக்கப்புறம் அது என் விஷயம் இல்லை."

"எங்க அண்ணன்கிட்ட கூட?"

"உங்க அண்ணன்கிட்ட சொன்னா பஸ் முழுக்கத் தெரிஞ்சிடும்."

நாத்தனாருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. எடுத்தாளா, மறந்தாளா, எடுத்தாள் என்றால் எதற்காக எடுத்தாள், ஒன்றையும் அக்கா கேட்கவில்லை. நாத்தனார் சொல்லவும் இல்லை. மீதி இருந்த துணிகளையும் இரண்டு பேருமாக மடித்தார்கள். கீழே இறங்கும்போது கூடையை நாத்தனார் தூக்கிக்கொண்டாள், அண்ணிக்குக் கழுத்து வலி என்று.