இடதுபக்கம் திரும்பாத டிரைவர்

எங்க வீட்டுக்காரவுக பேரு பூமிநாதன். புருசன் பேரைப் பொண்டாட்டி சொன்னா ஆயுசு குறையும்பாக. சும்மா இருங்க. இந்த மனுசன் ஆயுசு குறையிறதா இருந்தா, கோட்டையூர் ரோட்டுல கார் ஓட்டப் பழகுன அந்த நாலு மாசத்துலயே குறைஞ்சிருக்கணும். அவுகளுது மட்டுமா, எதுத்தாப்புல சைக்கிள்ல வந்த அத்தனை பேருதும்.

எங்களுக்கு ஊரு ஒக்கூரு. மழை பேஞ்சா வெவசாயம், பேயலேன்னா வேடிக்கை. அதான் அவுக கோட்டையூருக்கு வந்து தண்டாயுதபாணி செட்டியார் வீட்டுல வில்வண்டி ஓட்டுனாக. நானும் அதே வீட்டுல நெல்லு அவிக்கவும் வத்தல் காயப்போடவும் வேலைக்குச் சேந்தேன். செட்டியார் மலேயாவுல, ஈப்போங்கிற ஊர்ல கடை வச்சிருந்தாக. வீட்டுல அவுக சம்சாரம் தேனம்மை ஆச்சிதான் எல்லாம். ஆச்சியை ஒரு கோயில் விடாம ஏத்திக்கிட்டுப் போயி இறக்குறதுதான் எங்காளு வேலை. அந்த ரெண்டு மாடும் அவுக சொல்லுக்கு அப்படிக் கட்டுப்படும். நான்கூட அந்த அளவுக்குக் கட்டுப்பட்டதில்லை.

அறுபத்தஞ்சாம் வருசம் செட்டியார் ஐயா ஈப்போக் கடையை முடிச்சுக்கிட்டு ஒரேயடியா வந்துட்டாக. வந்ததும் பழைய கருப்புக் காரு ஒண்ணு வாங்குனாக, மாட்டை வித்தாக. "பூமி, நீயே ஓட்டப் பழகிக்க. தை மாசம் சாலாவுக்குக் கல்யாணம். அதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிரணும். இல்லேன்னா மதுரையிலருந்து டிரைவர் வச்சுக்கிருவேன், நீ வருத்தப்படக் கூடாது"ன்னாக. சாலா அவுக மக.

வருத்தப்படக் கூடாதாமே! மாடும் போச்சு, காரும் இல்லைன்னா திரும்பி ஒக்கூருக்குப் போயி வானத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான். அப்ப எனக்கு வயித்துல நாலு மாசம். கல்யாணமாகி ஒம்போது வருசம் கழிச்சுத் தங்குன புள்ள. இப்ப எட்டாவது படிக்கிறாளே கருப்பி, அவதான். அவுகளுக்கு அந்த லைசென்ஸு வேணும்னா வேணும், வேற வழியே கிடையாது.

ஓட்டுறது ஒரு மாசத்துல வந்துருச்சு. சட்டந்தான் வரலை. வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் பதினெட்டு வருசமாச்சு, ஆனா ரோட்டுக்கு மட்டும் அவன் போட்ட சட்டந்தான் நடந்துக்கிட்டிருந்துச்சு. ஐயாகிட்ட ஈப்போவுல வெள்ளைக்காரன் காலத்துல வாங்குன ஒரு சின்னப் புத்தகம் இருந்துச்சு. பக்கத்துக்குப் பக்கம் படம். ஐயா சாப்பிட்டு வந்து உக்காந்து ஒவ்வொரு படமாக் காட்டிக் கேப்பாக. செவப்பு முக்கோணம், அதுக்குக் கீழே ஒரு தீப்பந்தம் எரியுது. "இது என்னப்பா?"

"தீச்சட்டி எடுக்குற கோயில் வருது, பாத்துப் போகணும்"னாக எங்காளு.

அது பள்ளிக்கூடமாம்! படிப்புன்னா வெளிச்சமாம், அதுக்காகப் பந்தமாம். சொல்லுங்க, இதுல தப்பு யாரு மேல? பள்ளிக்கூடத்துக்குப் பந்தத்தை வரைஞ்சவன் மேலயா, எங்காளு மேலயா?

சிக்னல் விளக்கு இன்னும் மோசம். காரைக்குடியில அப்ப அந்த விளக்கை யாரு கண்டா? ஆச்சிதான் பாவப்பட்டு, ஒரு முறத்துல மிளகாய் வத்தல், மஞ்சக் கிழங்கு, கருவேப்பிலை மூணையும் வச்சுக்கிட்டு வந்து ஒண்ணொண்ணாத் தூக்கிக் காமிச்சாக. வத்தலுக்கு நின்னாக, கருவேப்பிலைக்குப் போனாக. மஞ்சளுக்கும் போனாக. "மஞ்சளைப் பாத்து நிக்கச் சொல்றானே ஆச்சி, அது மங்களமாச்சே"ன்னு ஒரே வாதாட்டம். ஆச்சிக்கே சந்தேகம் வந்து ஐயாவைத் திரும்பிப் பாத்தாக.

லைசென்ஸ் குடுக்குற அதிகாரியை நாங்க பிரேக் இன்ஸ்பெக்டர்னுதான் சொல்லுவோம். மாசத்துல ஒரு நாள் காரைக்குடிக்கு வருவாரு. மொத தடவை ஐப்பசியில போனாக. பந்தம், மஞ்சள் எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு பதில் சொல்லிட்டாகளாம். ரவுண்டானாவைச் சுத்தச் சொன்னப்ப, கோயில்ல வலம் வர்ற மாதிரி அழகாச் சுத்துனாகளாம். ஒரு தடவை இல்ல, மூணு தடவை.

"எதுக்குய்யா மூணு?"ன்னு கேட்டாராம் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணோட நிறுத்துனா நல்லா இருக்காதுங்க."

அதையும் மனுசன் சிரிச்சுக்கிட்டே விட்டுட்டாராம். கைச் சைகையிலதான் மாட்டிக்கிட்டாக. கார் இடதுபக்கம் திரும்பப் போகுதுன்னா, டிரைவர் வலது கையை வெளிய நீட்டி இடஞ்சுத்தாச் சுத்திக் காமிக்கணும். அதாவது கடிகார முள்ளு சுத்துறதுக்கு எதிர்ப்பக்கம். அதுதான் சட்டம். எங்காளு வலஞ்சுத்தாச் சுத்துனாகளாம். மாத்திச் சுத்துன்னு சொன்னா, மறுபடியும் வலம். "ஏய்யா, உனக்கு இடது எது, வலது எதுன்னு தெரியாதா?"ன்னு கேட்டு, அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாரு.

நான் வீட்டுல சிரிச்ச சிரிப்பு இருக்கே! ரெண்டு கையில சோறு திங்கிற கை எதுன்னு கேட்டு அதுக்கு எதிர்ப்பக்கம் சுத்துங்கன்னேன். வேட்டியை உதறிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக.

கார்த்திகையில ரெண்டாந் தடவை. இந்தத் தடவை பண்ணுன காரியத்தைக் கேளுங்க. "அந்தத் தெருவுல இடதுபக்கம் திரும்பு"ன்னாராம் இன்ஸ்பெக்டர். எங்காளு திரும்பாம நேரா அந்தத் தெருவைத் தாண்டிப் போயி, கையை நீட்டி வலதுபக்கம் திரும்புனாக. அப்புறம் இன்னொரு வலது. அப்புறம் இன்னொரு வலது. மூணு தெருவைச் சுத்திக்கிட்டு, திரும்பச் சொன்ன தெருவுக்குள்ளயே வந்து, "வந்தாச்சுங்க"ன்னு நிறுத்துனாகளாம்! நேரா மூக்கைத் தொட வேண்டிய ஆளு தலையைச் சுத்தி வந்து தொட்ட கதைதான். வழியில ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கி, ஒரு பால்காரருக்கு ஹாரன் அடிச்சு, எல்லாம் ஒழுங்கு. இன்ஸ்பெக்டருக்குச் சிரிக்கிறதா வைய்யிறதான்னு தெரியலையாம். "மார்கழியில வா. அதுதான் கடைசி. அப்பவும் இந்தக் கை சுத்தலைன்னா நீ மாட்டுக்கே போயிரு"ன்னுட்டாரு. மாடு எங்க இருக்கு, அதுதான் வித்தாச்சே.

ஊரெல்லாம் பரவிருச்சு. தண்ணிக்குப் போனா, "என்ன சின்னத்தாயி, உன் புருசன் வீட்டுக்கு வர்றப்பவும் மூணு தெரு சுத்தித்தான் வாராகளா?"ன்னு கேக்குறாளுக. ஐயா மதுரைக்குக் கடுதாசி போட்டுட்டாக, டிரைவர் பாத்து வைக்கச் சொல்லி. எனக்கு ஏழு மாசம், காலெல்லாம் வீக்கம். வந்துச்சு பாருங்க ஆத்திரம்!

மத்தியானக் கஞ்சியை எடுத்துக்கிட்டு நேரா கார் கொட்டகைக்குப் போனேன். அவுக கார்ல உக்காந்து கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தாக. தூக்குச் சட்டியை டங்குன்னு வச்சேன். "ஏங்க, கையைச் சுத்துறதுக்கு என்ன கேடு? ரெண்டு மாசமா ஊரு சிரிக்குது. மதுரைக்காரன் வந்து இந்தச் சீட்டுல உக்காருவான், நீங்க ஒக்கூர்ல உக்காருவீக. ஒரு கை, ஒரு சுத்து! இதுக்குப் போயி இந்தப் பிடிவாதமா?"

துணியைக் கீழே வச்சாக. என்னைப் பாக்கலை, ஸ்டியரிங்கைப் பாத்துக்கிட்டே சொன்னாக. "எங்கப்பாவுக்குக் கொள்ளிக்குடம் தூக்கிச் சுத்துனேன்ல, அந்தச் சுத்து இடஞ்சுத்துதான். அதுக்குப் பெறகு இந்தக் கை அப்படிச் சுத்துனதில்ல. புள்ளத்தாச்சிப் பொம்பளையை வீட்டுல வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு அம்பது தடவை அப்படிச் சுத்தச் சொல்றியா? ஒம்போது வருசம் கழிச்சு வந்திருக்கு புள்ள. வேலை போனாப் போகுது."

இந்த மனுசனையா நான் சோறு திங்கிற கை எதுன்னு கேட்டுக் கேலி பண்ணுனேன்னு ஆகிப் போச்சு. அங்கேயே நின்னு அழுதேன். அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "என்னை நினைச்சுத்தானே பயம்? என் கண்ணு முன்னாலயே சுத்துங்க. எது வந்தாலும் நான் பாத்துக்கிறேன்"னேன்.

மாட்டேன்னாக. விடலை நான். கடைசியில கண்ணை இறுக மூடிக்கிட்டு, ஜன்னல் வழியாக் கையை நீட்டி, மெல்ல ஒரு சுத்துச் சுத்துனாக. நான் காருக்கு வெளிய, அவுக கைக்கு நேர் எதுத்தாப்புல நிக்கிறேன்.

பாத்தா, வலஞ்சுத்து!

"என்னங்க, மறுபடியும் வலமாத்தானே சுத்துறீக?"

"இல்ல புள்ள, இடந்தான்."

"வலங்க. நான் கண்ணால பாத்தேன்."

நீ வந்து உக்காந்து பாருன்னுட்டாக. நான் வயித்தைத் தூக்கிக்கிட்டு டிரைவர் சீட்டுல நுழைஞ்சு உக்காந்தேன். புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரியே கையை நீட்டி இடமாச் சுத்துனேன். வெளிய நின்ன அவுக முகம் அப்படியே மாறிப் போச்சு. "வலமா இல்ல தெரியுது!"

அந்நேரம் பாத்து ஆச்சி வந்துட்டாக. டிரைவர் பொண்டாட்டி சீட்டுல, டிரைவர் தரையில. என்ன கூத்துன்னு கேட்டாக. சொன்னோம். ஆச்சி தன் கையையே ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டுச் சிரிச்சாக. "ஆலாத்தி எடுக்குறோமே, நமக்கு அது வலம். எதுத்தாப்புல நிக்கிற பொண்ணு மாப்பிள்ளைக்கு அது இடமாத்தானே தெரியும்? எத்தனை கல்யாணத்துக்கு எடுத்திருப்பேன், ஒருத்தரும் கெட்டுப் போகலையே. சுத்துறவுகளுக்கு ஒரு பக்கம், பாக்குறவுகளுக்கு ஒரு பக்கம். போயி லைசென்ஸை வாங்கிட்டு வா"ன்னாக.

எங்காளு அதோட ஒத்துக்கிட்டாகளா? ஒரு நிபந்தனை போட்டாக. "அப்ப நீ வந்து எதுத்தாப்புல நிக்கணும். உனக்கு வலமாத் தெரியணும். அப்பத்தான் சுத்துவேன்."

மார்கழியில ஒரு காலை. எட்டு மாச வயித்தோட நான் டவுன் பஸ் ஏறி, காரைக்குடியில போன தடவை திரும்பச் சொன்ன அந்தத் தெரு முக்குல, ரோட்டுக்கு வலதுபக்கம் போயி நின்னேன். இளநீர் விக்கிறவரு யாருக்காக நிக்கிறே ஆத்தான்னு கேட்டாரு. டிரைவருக்குன்னேன். கருப்புக் காரு வந்துச்சு. பக்கத்துல இன்ஸ்பெக்டர். தெரு கிட்ட வர வர காரு மெதுவாச்சு. கை வெளிய வந்துச்சு. அப்புறம் சுத்துச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு. அவுக ரோட்டைப் பாக்கலை, கையைப் பாக்கலை, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு வாராக. "ரோட்டைப் பாருய்யா!"ன்னு இன்ஸ்பெக்டர் கத்துனது எனக்கே கேட்டுச்சு. காரு அழகா இடதுபக்கம் திரும்பிப் போச்சு.

அரைமணி நேரங் கழிச்சு அவுக நடந்து வந்தாக. கையில காகிதம், இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டது. முகத்துல சிரிப்பைக் காணோம். கிட்ட வந்து மொதக் கேள்வியே அதுதான்.

"உனக்கு வலமாத்தானே தெரிஞ்சுச்சு?"

அந்தக் கை வெளிய வந்தப்பவே எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. காரும் கையும் ரோடும் எல்லாம் கலங்கலா ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு. கை சுத்துனது தெரிஞ்சுச்சு, வலமா இடமான்னு சத்தியமா நான் பாக்கலை.

"வலந்தாங்க"ன்னேன்.