மச்சான் அடித்த மூன்று கோட்டிங்

மச்சானை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது அந்தச் சிவப்புத்தான். திருவொற்றியூரில் என் பட்டறை நடுவே, பழைய இரண்டு சீட்டு விமானத்தின் வால் சுக்கான் கயிற்றில் தொங்கியது, கல்யாண மாப்பிள்ளை போல மின்னிக்கொண்டு. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், படகுக்குத் தார்ப்பாய் தைக்க ஆரம்பித்து, விமானத்துக்குத் துணி போர்த்துகிற அளவுக்கு வளர்ந்தவன். இந்தப் பக்கம் அந்த வேலைக்கு இன்னொரு ஆள் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன். தைப்பது நான். வர்ணம் அடிப்பது மச்சான், என் மனைவியின் தம்பி. முகத்துவாரக்குப்பத்துப் படகுகளுக்கெல்லாம் முகம் கொடுத்தவன்.

விமானம் ராயபுரத்துக் கேப்டனுடையது. துறைமுகத்துக்குள் கப்பல்களைக் கொண்டுவந்து சேர்த்து ஓய்வு பெற்றவர். அந்த வருடச் சோதனையில் தேறாவிட்டால் ஓர் ஓட்டல் முதலாளிக்கு விற்றுவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த முதலாளி ஓட்டல் வாசலில் கம்பம் நட்டு அதன்மேல் மாட்டிவைப்பாராம். என் தையல் சீரியல் பல்புக்கு நடுவே தொங்குவதா?

சோதிக்க வந்த அதிகாரி அம்மா, சுக்கானைக் கீல் பக்கமாகத் தாங்கியில் நிறுத்தினார். பின்பக்கம் பொத்தென்று சாய்ந்தது.

“எத்தனை கோட்டிங்ண்ணே?”

“மூணும்மா. உப்புக் காத்து கீதே, படகுக்கே மூணு. ஆகாசத்துல போறதுக்குக் கம்மியாவா அடிப்பேன்?” என்றான் மச்சான் பெருமையாக.

“பின்னாடி கனத்தா வேகத்துல உதறும். உதறினா வாலையே பிச்சுடும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“முன்னால ஈயம் ஏத்திச் சமன் பண்ணிட்டா?” என்றேன் நான்.

“ஏத்தற அளவுக்கு ஏத்தியாச்சு.”

கனமாக இருந்தால்தான் பலம் என்பது படகுக்காரன் புத்தி. வர்ணத்தைச் சுரண்டினால் துணி கிழியும். ஆகவே துணியையே உரித்துப் போட்டேன். புதுத் துணி போர்த்தி, தட்டினால் தவில் போலப் பேசும்படி இழுத்துத் தைத்தேன். அந்தக் கை எனக்கு மட்டுந்தான் உண்டு. மச்சான் வர்ணத்தைக் கரைத்துப் புகை மாதிரி ஊதினான்.

“இது பெயின்ட் அடிக்கறதா, மூச்சு வுடறதா மாமா? குப்பத்துல பாத்தா காறித் துப்புவானுங்க!”

வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே சட்டங்கள் நிழலாகத் தெரிந்தன.

அந்த அம்மா மறுபடி தாங்கியில் வைத்தார். சுக்கான் மட்டமாக நின்றது. கேப்டன் சிலுவை போட்டுக்கொண்டார். மற்றதையெல்லாம் துருவிப் பார்த்த பிறகு கையெழுத்து விழுந்தது.

எங்கள் பக்கம், வர்ணம் அடித்தவன் முதல் ஓட்டத்தில் படகில் ஏறுவது வழக்கம். சோதனைப் பறப்பு முடிந்ததும் மச்சான் யாரையும் கேட்காமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். கேப்டன் சிரித்துக்கொண்டே, ஓட்டுகிறவர் உட்காரும் பின் சீட்டில் ஏறினார். ஓடுதளத்தை விட்டு அது எழும்பியபோது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடிய ஒரே ஆள் நான்தான்.

எப்படியும் தேறாது என்று நம்பி, ஓட்டல் முதலாளி விமானத்தை ஏற்றிப்போக லாரியோடு வந்திருந்தார். இறங்கிய மச்சான் நேரே அவரிடம் போனான்.

“இன்னா சார், வாசலுக்கு வேணுமா? போட்டோ புட்ச்சி மாட்டிக்கோ!”

இன்று மச்சான் இல்லை. ஓட்டல் முதலாளி மட்டும் வருடா வருடம் சோதனை சமயத்தில் போன் செய்து, “என்னாச்சு?” என்று கேட்கிறார். நானும் அதே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்:

“மேல கீது சார். அண்ணாந்து பாருங்க.”